விஸ்கஸ் ஃபேன் கிளட்ச்: மேட்டில் கொதிக்கும் வண்டிக்கு 36 மில்லி ஆயில்

மலையடி லோயர் கேம்ப்பில் இருந்து கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு ஏறும்போது டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கம்பத்தில் இருந்து சமவெளியில் அறுபதில் வரும்வரை முள் பாதியிலேயே அசையாமல் நிற்கும். மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் சாலையோரம் தெரிய ஆரம்பித்ததும், உள்ளே எட்டு ஆளும் மேலே சாமானுமாக இரண்டாம் கியரில் முக்கும்போது, முள் மெல்ல மேலே நகரும். குமுளி செக்போஸ்ட் வரிசையில் நிற்கையில் சிவப்பைத் தொடும். ஏ.சி. போட்டிருந்தால் அதற்கு முன்பே குளிர் போய் வெறும் காற்று வரும். திரும்பி இறங்கும்போது ஒரு குறையும் இருக்காது.

இந்த அடையாளம் அத்தனையும் சேர்ந்து வந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் ஃபேன் கிளட்ச்: வாட்டர் பம்ப் தண்டுக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் நடுவே இருந்து, சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடித்தும் விட்டும் சுற்றவைக்கும் உருப்படி. வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேன் சும்மா சுற்றினாலும் பரவாயில்லை. மேட்டில் மணிக்கு 20 கிலோமீட்டரில் எஞ்சின் முழு சுமையில் இருக்கும்போது காற்று இழுக்க ஃபேனைத் தவிர வேறு ஆள் இல்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் கதை வேறு: அந்த வண்டி தேனி பைபாஸில் எண்பதில் போனாலும் சூடாகும்.

பருவமும் ஏமாற்றும். ஆடிக் காற்று குமுளிக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து வீசும். ஏறுகிற வண்டிக்கு அது எதிர்காற்று. செத்துப்போன கிளட்சைக்கூட அந்தக் காற்று இரண்டு மூன்று மாதம் மறைத்துவிடும். பங்குனி, சித்திரையில் காற்று அடங்கி வெயில் ஏறியதும் அதே வண்டி பாதி மலையில் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும். "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்று கொண்டு வருகிற வண்டிகளில் பல, ஆடியிலேயே ஆயில் கசிய ஆரம்பித்தவைதான்.

உள்ளே என்ன நடக்கிறது

கிளட்சுக்குள் இரண்டு அறை. முன்மூடியில் ஆயில் சேமித்து வைக்கும் அறை. அதற்குப் பின்னால், வாட்டர் பம்ப் தண்டோடு சுற்றும் ரோட்டர் இருக்கும் வேலை அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு, அதில் ஒரு ஓட்டை, ஓட்டையை மூடி நிற்கும் சின்ன நாக்கு. அந்த நாக்கின் தண்டு முன்மூடியைத் துளைத்து வெளியே வந்து, கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்ட இரட்டை உலோகச் சுருளில் முடிகிறது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் சுருள் விரிந்து தண்டைத் திருப்பும், நாக்கு நகர்ந்து ஓட்டை திறக்கும், சிலிக்கான் ஆயில் வேலை அறைக்குள் போகும். ரோட்டரிலும் மூடியிலும் வட்ட வட்டமாக வெட்டிய பள்ளங்களும் நடுவே நிற்கும் வரப்புகளும் ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் நுழைந்து நிற்கும். அந்த மெல்லிய இடைவெளியில் கெட்டி ஆயில் நிரம்பியதும் ரோட்டர் மூடியை இழுத்துக்கொண்டு சுற்றும். ஃபேன் மூடியோடு இணைந்தது, ஆகவே ஃபேனும் சுற்றும். காற்று குளிர்ந்தால் நாக்கு மூடிக்கொள்ளும். விளிம்பில் இருக்கும் சிறு தடுப்பு, ஆயிலை வழித்துத் திரும்பு ஓட்டை வழியாகச் சேமிப்பு அறைக்கே தள்ளிவிடும்.

ஆயில் குறைந்தால் பிடிப்பு இல்லை. திரும்பு ஓட்டை அடைத்தால் பிடித்த பிடி விடாது. சுருள் தளர்ந்தால் தாமதமாகத் திறக்கும். பேரிங் ஆடினால் பள்ளங்கள் ஒன்றோடு ஒன்று உரசும். இந்த நான்கில் முதல் மூன்றை வீட்டு மேசையிலேயே சரிசெய்யலாம். நான்காவதை முடியாது.

கழற்றும் முன் சோதனை

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் நல்ல கிளட்ச் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஃபேனை இரைச்சலாகச் சுற்றிவிட்டுப் பிறகு அடங்கும். ராத்திரி முழுக்க நின்றதில் ஆயில் வேலை அறைக்குள் இறங்கியிருப்பதால் வரும் இரைச்சல் அது. அந்த இரைச்சலே வராத வண்டியில் ஆயில் மிகக் குறைவு என்று கொள்ளலாம்.

அடுத்தது சூட்டில். ரேடியேட்டர் முன்னால் பாதி மறைக்கும்படி அட்டை வைத்து, நிமிடத்துக்கு 2000 சுற்றில் எஞ்சினை ஓட விடுங்கள். முள் வழக்கமான இடத்தைத் தாண்டும்போது திடீரென்று லாரி வருவதுபோல ஒரு இரைச்சல் வர வேண்டும். முள் சிவப்பை நெருங்கியும் வரவில்லை என்றால் அட்டையை எடுத்துவிட்டு நிறுத்துங்கள். எஞ்சின் முழுக்க நின்றபின் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தடித்த துணியால் ஃபேனைத் தட்டிச் சுற்றிப் பாருங்கள். சூடான நிலையில் அது கால் சுற்றில் நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஓடினால் கிளட்சில் பிடிப்பு இல்லை.

ஓடும் ஃபேனில் சுருட்டிய பேப்பரைச் செருகிப் பார்க்கும் பழக்கம் பல இடத்தில் உண்டு. செய்ய வேண்டாம். லுங்கி, தோளில் துண்டு, கழுத்துச் சங்கிலி எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

கண்ணால் பார்க்க வேண்டியது: சுருள் நடுவிலும், மூடி விளிம்பிலும் தூசி பிசுபிசுப்பாக ஒட்டிக் கறுத்திருக்கிறதா? சிலிக்கான் ஆயில் ஆவியாகாது, கசிந்த இடத்திலேயே படலமாக நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். நுனியில் 6 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் ஆடினாலோ, கையால் சுற்றும்போது மணல் அரைப்பதுபோல் உணர்ந்தாலோ பேரிங் போய்விட்டது. அப்படிப்பட்ட கிளட்சில் ஆயில் ஊற்றுவது வீண்வேலை. ரோட்டர் தண்டின்மேல் அழுத்திப் பொருத்தப்பட்டது, பிரஸ் இல்லாமல் அதைக் கழற்றி பேரிங் மாற்றித் திரும்ப நேராகப் பொருத்த முடியாது. புதிது வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை. ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். போடிப் பக்கம் இலவம் காய் வெடிக்கிற பருவத்தில் அந்த இடைவெளி மெத்தை தைத்ததுபோல் பஞ்சால் நிறைந்திருக்கும். கிளட்ச் புதிதாக இருந்தாலும் காற்று போக வழியில்லை. பின்பக்கம் இருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிரஷர் வாஷ் முனையை அருகில் கொண்டுபோனால் துடுப்புத் தகடுகள் மடிந்துவிடும்.

திறக்கலாமா, கூடாதா

கிளட்ச் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். திருகு போட்டு இரண்டு பாதியும் சேர்த்திருந்தால் திறக்கலாம். டொயோட்டா டீசல் வண்டிகளுக்கு ஐசின் நிறுவனம் செய்து கொடுத்த கிளட்சுகளில் இந்த வகையை நிறையப் பார்க்கலாம். விளிம்பை உருட்டி மடித்து அடைத்திருந்தால் அது திறப்பதற்காகச் செய்ததல்ல. மடிப்பைக் கிளப்பினால் திரும்ப ஆயில் தங்காது, துளை போட்டால் அலுமினியத் தூள் உள்ளே விழும். சுருளுக்குப் பதில் நேரான பட்டை போட்ட சில வகைகளில் மட்டும், பட்டையைக் கழற்றினால் பின்னால் ஒரு சிறு ஊசி வரும். அந்த ஊசியை உருவி, அந்தத் துளை வழியாக சிரிஞ்சில் ஆயில் ஏற்றலாம்.

இங்கே மேசையில் இருப்பது ஒரு டொயோட்டா டீசல் வண்டியின் கிளட்ச். விளிம்பில் ஆறு திருகு, முன்னால் சுருள், வாட்டர் பம்பில் நான்கு நட்.

வாங்க வேண்டியவை

முக்கியமானது ஆயில். சுத்தமான சிலிக்கான் ஆயில், 10,000 சென்டிஸ்டோக் (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) கெட்டி. டொயோட்டாவே இதை 18 மில்லி ட்யூபில் விற்கிறது, 3,000, 6,000, 10,000 என்று அளவு போட்டிருக்கும். நம்மூர் ஸ்பேர் கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் டிஃபரென்ஷியலில் ஊற்றும் ஆயிலும் இதே சிலிக்கான் ஆயில்தான், 10,000 என்று அச்சிட்ட பாட்டிலாக ஆன்லைனில் வாங்கலாம். பாட்டிலில் சென்டிஸ்டோக் கணக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'வெயிட்' என்று மட்டும் போட்டிருப்பது வேறு அளவுகோல்.

அவசரத்துக்கு 90 கியர் ஆயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 90 கியர் ஆயில் 100 டிகிரியில் 20 சென்டிஸ்டோக்குக்கும் கீழே இளகிவிடும். சிலிக்கான் ஆயில் அதே சூட்டில் சில ஆயிரம் சென்டிஸ்டோக்கில் நிற்கும். ஃபேனுக்குப் பிடிப்பு தேவைப்படுகிற நேரமே சூட்டு நேரம். அந்த நேரத்தில் தண்ணீராகிவிடுகிற ஆயிலால் என்ன பயன்?

3,000-ஆ 10,000-ஆ என்பதில் எங்கள் தேர்வு மலை ஏறும் வண்டிக்கு 10,000. சமவெளியிலேயே ஓடும், எடை குறைந்த வண்டிக்கு 6,000 போதும், இரைச்சல் குறையும். 30,000 வேண்டாம். அவ்வளவு கெட்டியானது குளிர்ந்த நிலையில் சேமிப்பு அறைக்குத் திரும்ப நேரம் எடுக்கும், ஃபேன் எந்நேரமும் பிடித்தபடியே ஓடும்.

இரண்டு பாதிக்கும் நடுவே கசிவை அடைக்கப் போகும் ரப்பர் வளையம், அதாவது ஓ ரிங், நைட்ரைல் ரப்பரிலோ வைட்டானிலோ இருக்க வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் கிடைக்கும் சிலிக்கான் ரப்பர் ரிங் வேண்டவே வேண்டாம். சிலிக்கான் ஆயிலில் சிலிக்கான் ரப்பர் ஊறிப் பெருத்துப் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கும். பழைய ரிங்கை எடுத்துப்போய்த் தடிமன் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். அதோடு 20 மில்லி சிரிஞ்ச் இரண்டு, ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு, தெர்மாமீட்டர், கைச் சுத்தியலால் அடிக்கும் இம்பேக்ட் ஸ்க்ரூ டிரைவர், மண்ணெண்ணெய் அரை லிட்டர், நூல் உதிராத துணி.

கழற்றுதல்

எஞ்சின் முழுக்க ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கூலண்ட் இறக்கத் தேவையில்லை. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு தடித்த அட்டையைச் செருகுங்கள். ஸ்பேனர் வழுக்கி ரேடியேட்டர் ட்யூபைக் குத்தினால் ஒரு மாலை வேலை ஒரு வாரச் செலவாகும்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே வாட்டர் பம்பின் நான்கு நட்டையும் தளர்த்திவிடுங்கள். பெல்ட் இறுக்கம் புல்லியைப் பிடித்துக் கொடுக்கும். பெல்ட் போனபின் புல்லி ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றும். பிறகு ஃபேனைச் சுற்றி நிற்கும் காற்றுக் கூண்டின் போல்ட்டுகளைக் கழற்றி, கூண்டையும் ஃபேனையும் சேர்த்தே மேலே தூக்குங்கள். தனித்தனியாக எடுக்க இடம் பற்றாது.

ஃபேனின் முன்பக்கத்தில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். சில ஃபேன்களைத் திருப்பிப் போட்டாலும் நட் ஏறிவிடும், ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாகிக் காற்று பாதிகூட வராது. இறக்கை அடிப்பகுதிகளை இந்த நேரத்தில் கழுவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த ஃபேன் திரும்ப வண்டியில் ஏறக் கூடாது.

கழற்றிய கிளட்சை மல்லாத்தியோ கவிழ்த்தோ வைக்காதீர்கள். வண்டியில் இருந்ததுபோலவே தண்டு படுக்கையாக இருக்கும்படி, இரண்டு செங்கல் நடுவே நிறுத்தி வையுங்கள். மல்லாத்தினாலோ கவிழ்த்தாலோ ஆயில் பேரிங் பக்கமோ சுருள் தண்டு வழியாகவோ இறங்கும்.

திறத்தல்

சென்டர் பஞ்சால் இரண்டு பாதியிலும் ஒரே நேர்க்கோட்டில் ஒரு புள்ளி குத்துங்கள். இரண்டு பாதியும் சேர்த்து பேலன்ஸ் செய்யப்பட்டவை. திருகு ஒரு துளை தள்ளி ஏறினால் 3000 சுற்றில் அதிர்வு வரும், அந்த அதிர்வு வாட்டர் பம்ப் பேரிங்கைத் தின்னும்.

ஸ்டீல் திருகு, அலுமினிய உடல், பல வருடச் சூடு: மூன்றும் சேர்ந்தால் திருகு கல்லாகியிருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு முறை வழுக்கவிட்டால் தலை உருண்டுவிடும். முதல் அடியே இம்பேக்ட் டிரைவரால் கொடுங்கள். பிட் தலையில் இறுக்கமாக உட்கார வேண்டும். அசையாத திருகுக்கு ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் சூடு காட்டி மறுபடி அடியுங்கள். கேஸ் டார்ச் வேண்டாம், ஓ ரிங்கும் தண்டு சீலும் கருகும். இந்தக் கிளட்சில் ஐந்து திருகு இரண்டாம் அடியில் வந்தன. ஆறாவதின் தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டு, மூடி பிரிந்தபின் மீதித் தண்டை இடுக்கியால் திருகி எடுக்க வேண்டியிருந்தது. துளையிடும்போது மூடி இன்னும் பிரியாமல் இருப்பதால் தூள் உள்ளே போகாது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மூடியைப் பிரிக்க நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. விளிம்பில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே கசியும். ரப்பர் சுத்தியலால் சுற்றி வரத் தட்டினால் தானே விடும்.

உள்ளே இருந்த ஆயில் கறுப்பு, ஆனால் கையில் தேய்த்தால் வழவழப்பு, துகள் இல்லை. இப்படி இருந்தால் நல்லது. வெள்ளிப் பொடி கலந்ததுபோல் மினுங்கினால் பள்ளங்கள் உரசியிருக்கின்றன, டார்ச்சை வைத்துப் வரப்புகளின் தலையில் தேய்ந்த பளபளப்பைத் தேடுங்கள். ஜெல்லியாகக் கட்டியிருந்தால் சூட்டில் கெட்டது, அல்லது பேரிங் கிரீஸ் கலந்தது.

இரண்டு பாதியையும் சாய்த்து ஒரு ராத்திரி வடிய விடுங்கள். இந்த ஆயில் அவசரப்படாது. காலையில் கிண்ணத்தில் 17 கிராம் இருந்தது. சிலிக்கான் ஆயில் ஒரு மில்லி ஏறக்குறைய 0.97 கிராம் என்பதால் தராசு காட்டுவதை மில்லியாகவே எடுத்துக்கொள்ளலாம். இந்த அளவு கிளட்சில் பாதிகூட மிச்சமில்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

கழுவுதல்

சோப்புத் தண்ணீர் சிலிக்கானைத் தொடாது. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டு இரண்டு தடவை, பிறகு துணியால் துடைத்து, கடைசியாகக் கொஞ்சம் பெட்ரோல் தொட்ட துணியால் விளிம்பு மட்டும். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பின்பாதியில் பேரிங் இருக்கும் நடுப்பகுதியை மண்ணெண்ணெயில் முக்கவே கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போய்விடும். அந்தப் பாதியை நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள்.

திரும்பு ஓட்டைகள் விளிம்புக்குப் பக்கத்தில் ஊசி தடிமனில் இருக்கும். மெல்லிய செப்புக் கம்பியை விட்டு உருவுங்கள். செம்பு அலுமினியத்தைக் கீறாது. இங்கே ஒரு ஓட்டை பாதி அடைத்திருந்தது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் பெயின்ட் வேலை நடக்கும் பட்டறையாக இருந்தால் இந்த வேலையை அங்கே செய்யாதீர்கள். சிலிக்கான் பட்ட கையும் துணியும் ஒரு கதவைத் தொட்டால் போதும், அந்த இடத்தில் பெயின்ட் மீன் கண் போலக் குழி குழியாக விலகி நிற்கும். தரையில் சிந்தினால் டைல்ஸ் நாள்கணக்கில் வழுக்கும், மேசைக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்துவிட்டுத் தொடங்குங்கள். கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

வெந்நீரில் நாக்கைப் பார்த்தல்

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஆயிலை மட்டும் ஊற்றி மூடிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, முன்மூடியைச் சுருள் கீழே இருக்கும்படி இறக்குங்கள். அடியில் இரண்டு ஸ்பூன் வைத்தால் சுருள் பாத்திரத்தைத் தொடாது, அடுப்புச் சூடு நேராக ஏறாது. தெர்மாமீட்டரைச் சுருளுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, தீயை மெதுவாக ஏற்றுங்கள். நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது.

நாக்கு அசைவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 40 வரை ஒன்றும் இல்லை. 52-ல் ஓட்டையின் ஓரத்தில் பிறை போல ஒரு கீற்று கறுப்பு திறந்தது. 60-ல் பாதி நிலா. 68-ல் ஓட்டை முழு வட்டமாகத் தெரிந்தது. அடுப்பை அணைத்துக் குளிர விட்டபோது 48-ல் நாக்கு முழுக்க மூடியது. சிக்காமல், குதிக்காமல், ஒரே சீராக நகர்ந்தது. ஆகவே இந்தச் சுருளைத் தொடவில்லை.

80 தாண்டியும் பாதிதான் திறக்கிறது என்றால் சுருள் தளர்ந்திருக்கிறது. தகட்டைப் பிடிக்கும் திருகுகளைத் தளர்த்தி, தகட்டையே நாக்கு விலகும் திசைக்கு எதிர்த் திசையில் ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. திருப்பி மறுபடி வெந்நீரில் வைத்துப் பாருங்கள். பழைய இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வைத்துவிட்டுத் திருப்புங்கள். சுருளின் முனையைக் குறட்டால் வளைப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் வளைத்த இடத்தில் இரட்டை உலோகம் பிரிந்து சில மாதத்தில் வேலை செய்யாமல் போகும். 40-லேயே முழுக்கத் திறக்கும்படி வைத்தால் இன்னும் குளிரும் என்று ஆசைப்பட வேண்டாம். சித்திரை மாதக் கம்பத்தில் ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று எப்போதும் 40-க்கு மேல்தான் இருக்கும். கிளட்ச் விடுபடவே விடுபடாது.

எவ்வளவு ஊற்றுவது

புத்தகத்தில் அளவு கிடைக்காத கிளட்சுக்கு ஒரு வழி இருக்கிறது. வெந்நீர்ச் சோதனை முடிந்த கையோடு முன்மூடியை மட்டமாக வைத்து, தகட்டு ஓட்டை வழியாக சிரிஞ்சால் சேமிப்பு அறையைத் தண்ணீரால் நிரப்பி அளந்துகொள்ளுங்கள். இதற்கு 46 மில்லி பிடித்தது. ஃபேன் விடுபட வேண்டுமென்றால் எல்லா ஆயிலும் சேமிப்பு அறைக்குள் அடங்க வேண்டும். ஆகவே 46 என்பது தாண்டக் கூடாத வரம்பு. சிலிக்கான் ஆயில் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். 80 டிகிரி ஏறினால் 7, 8 சதவீதம். 40 மில்லி ஊற்றினால் அது 43 ஆகும். மீதி இடம் காற்றுக்கு. இடம் விடாமல் நிரப்பினால் அழுத்தம் ஏறி, சுருள் தண்டின் சீல் வழியாகப் பிதுக்கிக்கொண்டு வரும். முதல் கசிவே அப்படி வந்திருக்கலாம் என்று தோன்றுகிற கிளட்சுகள் உண்டு.

36 மில்லியில் தொடங்கினோம். இரண்டு டொயோட்டா ட்யூபின் அளவு அது. குறைவாக இருந்தால் பிறகு 4, 5 மில்லி சேர்க்கலாம். அதிகமானால் திறந்து வடிக்க வேண்டும், அது இன்னொரு ராத்திரி.

அளந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியை ஹேர் டிரையரால் சூடு வரும்வரை காய வையுங்கள், பிறகு ஒரு பகல் வெயிலில். உள்ளே சிக்கிய ஒரு சொட்டு தண்ணீர்கூட சூட்டில் ஆவியாகி ஆயிலை வெளியே தள்ளும், தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

10,000 சென்டிஸ்டோக் என்பது தேன் மாதிரி. சிரிஞ்சின் மூக்கைச் சற்று நறுக்கி வாயைப் பெரிதாக்குங்கள். ஆயில் பாட்டிலை மூடியோடு 60 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் கெட்டி ஏறக்குறைய பாதியாகக் குறைந்து இழுக்க வரும். கிளட்சின் முன்மூடியைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யமாக்கிவிட்டு, 35 கிராம் ஏறும்வரை சேமிப்பு அறைக்குள் விடுங்கள். வேகமாகத் தள்ளினால் குமிழ் மேலே வந்து பொங்கும். ஐந்து மில்லி, பிறகு சில நிமிடம், மறுபடி ஐந்து மில்லி. நிரப்பி முடித்ததும் ஒரு மணி நேரம் தட்டு போட்டு மூடி வையுங்கள், குமிழ்கள் தானே ஏறி உடையும்.

மூடுதல்

இரண்டு விளிம்பும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஓ ரிங்குக்கு அதே ஆயிலை விரல் நுனியில் தொட்டுத் தடவலாமா என்று பலர் கேட்பார்கள். நைட்ரைல், வைட்டான் ரிங் என்றால் தடவலாம். அதற்கு மேல் சிலிக்கான் கேஸ்கெட் பேஸ்ட் போட வேண்டாம். ஆயில் படலம் பட்ட உலோகத்தில் அது ஒட்டாது, துணுக்காகப் பெயர்ந்து திரும்பு ஓட்டையை அடைக்கும்.

ஆயில் இருக்கும் முன்பாதி கீழே, ரோட்டர் இருக்கும் பாதி மேலிருந்து இறங்க வேண்டும். பஞ்ச் புள்ளிகள் நேர்க்கோட்டில் வரட்டும். பள்ளங்கள் ஒன்றுக்குள் ஒன்று தானே உட்காரும், அழுத்தத் தேவையில்லை. உட்காரவில்லை என்றால் ரோட்டரை விரலால் மெல்லத் திருப்புங்கள். திருகுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். 6 மி.மீ. திருகுக்கு அலுமினியத்தில் 8 நியூட்டன் மீட்டர் போதும். கை பலத்தைக் காட்டினால் துளையின் மரை உரிந்துவிடும்.

மூடியதும் உடனே தண்டு படுக்கையாக வரும்படி செங்கல் நடுவே நிறுத்தி, மறுநாள்வரை வையுங்கள். கீழே விரித்த வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி ஈரம்கூட வரக் கூடாது.

வண்டியில் ஏற்றும்போது வாட்டர் பம்ப் தண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். பம்ப் ஆடுகிற வண்டியில் கிளட்ச் நிற்காது. 8 மி.மீ. ஸ்டட்டுகளில் நட்டை 20 நியூட்டன் மீட்டரில் குறுக்கு நெடுக்காக இறுக்கி, பெல்ட் போட்டு இழுவை வைத்தபின் இன்னொரு முறை சரிபாருங்கள். கூண்டின் விளிம்புக்கும் இறக்கை நுனிக்கும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தபிறகே சாவி. கூண்டு உடைந்திருந்தாலோ, 'வேலை சுலபம்' என்று யாராவது முன்பே கழற்றிப் போட்டிருந்தாலோ அதைத் தேடி மாட்டுங்கள். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதை விட்டுப் பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே சுற்றி அடிக்கும்.

அளந்து பார்த்தது

ஒரு இறக்கையில் மினுங்கும் டேப் ஒரு துண்டு, புல்லியில் ஒரு துண்டு. சுற்று எண்ணும் லேசர் டாக்கோமீட்டரால் இரண்டையும் அளந்தோம். ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் இரைந்தது, ஒன்றரை நிமிடத்தில் அடங்கியது. குளிர்ந்த நிலையில் புல்லி 2,400 சுற்றும்போது ஃபேன் 850. அட்டை வைத்துச் சூடாக்கி, இரைச்சல் பிடித்தபின் அதே 2,400-க்கு ஃபேன் 1,980. அட்டையை எடுத்தபின் மூன்று நிமிடத்தில் மறுபடி ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. பிடித்ததும் விட்டதும் இரண்டுமே தெளிவாக இருந்ததால் கூடுதலாக ஆயில் சேர்க்கவில்லை.

மலையில்: பிற்பகல் இரண்டு மணி வெயில், முழு சுமை, ஏ.சி. போட்டபடி. குழாய்களைத் தாண்டிய இரண்டாம் வளைவில் ஃபேன் இரைய ஆரம்பித்தது. முள் பாதிக்கு மேல் ஒரு நூல் ஏறி அங்கேயே நின்றது. குமுளியில் பத்து நிமிடம் எஞ்சின் ஓடியபடி நின்றும் குளிர் காற்று குறையவில்லை.

வேலைக்குப் பிறகு வரக்கூடிய தொல்லைகள் சில. இரைச்சல் பத்து நிமிடமாகியும் அடங்கவில்லை என்றால் ஆயில் அதிகம் அல்லது திரும்பு ஓட்டை அடைப்பு. பிக்அப் மந்தமாகும், டீசல் அதிகம் குடிக்கும். சூட்டிலும் பிடிக்கவில்லை என்றால் 4 மில்லி சேர்த்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துச் சுருள் நடுவில் ஈரம் தெரிந்தால் தண்டு சீல் போய்விட்டது, அந்தக் கிளட்சை மறுபடி திறப்பதைவிடப் புதிது வாங்குவது மேல்.

கடைசியாக, "அண்ணே, டைரக்ட் பண்ணிரலாமா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு. கிளட்சைத் துளைத்து போல்ட் போட்டு ஃபேனைப் புல்லியோடு பூட்டிவிடுவதைத்தான் டைரக்ட் என்கிறார்கள். நடுமலையில் நின்ற வண்டியை ஊர் சேர்க்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கிளட்சோடு ஓடுவதற்காக அளவிட்ட இறக்கைகள், சமவெளியில் எஞ்சின் 4,000 தொடும்போது முழு வேகத்தில் சுற்ற ஆரம்பிக்கும். அடிப்பகுதியில் விரிசல் விழுந்து இறக்கை பறந்தால் ரேடியேட்டரோடு பானட்டும் போகும். வாட்டர் பம்ப் பேரிங் அந்தச் சுமையை நாள் முழுக்கத் தாங்கும்படி செய்ததல்ல. கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதற்கு மருந்தல்ல. இறங்கும்போது எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து புகை தள்ளும், ஏறும்போது பழையபடி கொதிக்கும். போல்ட் போட்டு வந்த கிளட்சின் துளைகள் சேமிப்பு அறையில் விழுந்திருந்தால் அதைத் திரும்பக் கட்ட வழியே இல்லை.

இந்தக் கிளட்சுக்கு அடுத்த பார்வை ஆவணி முடிவில், ஆடிக் காற்று ஓய்ந்ததும்: விளிம்பில் துணி வைத்துத் துடைத்து ஈரம் இருக்கிறதா, காலை இரைச்சல் ஒரு நிமிடம் நிற்கிறதா, நுனி ஆட்டம் எத்தனை மி.மீ. இன்றைய ஆட்டம் 2 மி.மீ. என்று கூண்டின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் தேதியோடு எழுதி வைத்திருக்கிறது.